துக்கிடிடஸ்

ஹட்டன்,
12.3.1961

அன்பு நண்பன் கணேசமூர்த்திக்கு,

ஆண்டியப்பன் எழுதுவது. இங்கே நான், சண்முகவடிவு, பிள்ளைகள் இருவரும் சுகம். நீயும் அப்படியே இருப்பாய் என்று நம்புகிறேன். துணிக்கடை முனாப் நானா துணி எடுக்கத் திருச்சிக்கு வந்தபோது உன்னைப் பார்த்தாராம். அச்சாபீசில் பிழை திருத்துகிறாய் என்று சொல்லி விலாசமும் கொடுத்தார். முன்பு எழுதிய மூன்று கடிதங்களும் பழைய விலாசத்துக்குப் போய்த் தொலைந்தன என்றே வைத்துக்கொள்கிறேன்.

கந்தப்பளையில் ஒரு வாரமாக விடாத மழை. உங்கள் தோட்டத்து லய வீடுகளுக்குப் பின்னால் மண் சரிந்தது; ஆளுக்குச் சேதமில்லை. நீ இருந்த காம்பிரா அறையில் இப்போது அழகன் குடும்பம் இருக்கிறது.

போன வியாழக்கிழமை எங்கள் பள்ளிக்கூடத்தில் ஆசிரியர் வேலைக்கு நேர்முகம் நடந்தது. தேர்வுக் குழுவில் என்னையும் உட்கார வைத்தார்கள். நாமிருவரும் 1952இல் இதே வேலைக்குப் போய் நின்ற அதே அறை, அதே பள்ளிக்கூட மனேஜர். புதிதாக வந்தவர் ஒரு பாதிரியார் மட்டும்.

திம்புள்ளப் பக்கத்திலிருந்து நாகலெட்சுமி என்று ஒரு பெண் வந்திருந்தாள். தேயிலைக் கொழுந்து பறிப்பவரின் மகள். உனக்குப் பிடித்த சரித்திரக்காரர் யார் என்று மனேஜர் கேட்டார். அவள் கொஞ்சமும் தயங்காமல், "துக்கிடிடஸ்" என்றாள். ஏதென்ஸில் கொள்ளை நோய் வந்தபோது அந்த மனிதருக்கும் நோய் கண்டதையும், பிழைத்தெழுந்து அதை எழுதி வைத்ததையும் சொல்லிக்கொண்டே போனாள். மனேஜர் கேட்கவில்லை, சிரித்துக்கொண்டிருந்தார். 1952இல் உன்னைப் பார்த்துச் சிரித்ததும் அப்படித்தான் இருந்திருக்கும். அன்று நான் வெளியே பெஞ்சில் இருந்தேன், சத்தம் மட்டும் கேட்டது.

அன்று நீ வேர்த்து விறுவிறுத்து வெளியே வந்தாய். நேரே வீட்டுக்குப் போயிருக்கலாம். என் காதருகே குனிந்து, "டேய், அது துக்கிடிடஸ் இல்லையாம்டா, தியூஸிடிடீஸாம். என்னயப் பாத்துச் சிரிச்சுப்புட்டாங்க. நீயாச்சும் சரியாச் சொல்லிப்புடு" என்றாய். உள்ளே போய்ச் சரியாகச் சொன்னேன். மனேஜர் நிமிர்ந்து உட்கார்ந்து, இந்தப் பெயரைச் சொல்ல யார் கற்றுத் தந்தது என்று கேட்டார். நானே படித்துத் தெரிந்துகொண்டேன் என்று சொல்லிவிட்டேன். துக்கிடிடஸ் எழுதிய புத்தகத்தை இரண்டு தடவை படித்தவன் நீ. நான் பாதிகூடத் தாண்டவில்லை. பஸ்ஸில் திரும்பி வரும்போது, அந்தக் கேள்வி வந்ததா என்று கேட்டாய். வந்தது, சொன்னேன் என்றேன். என் முதுகில் தட்டிச் சிரித்தாய். அதற்கு மேல் நான் வாயைத் திறக்கவில்லை. வேலை எனக்குக் கிடைத்தது, நீ இந்தியாவுக்குக் கப்பலேறினாய், ஒன்பது வருஷமாகத் திறக்கவில்லை.

வியாழக்கிழமை என்னால் சும்மா இருக்க முடியவில்லை. "ஐயா, நானும் அப்படித்தான் சொல்லிக்கொண்டிருந்தேன். எனக்கு முன்னால் உள்ளே வந்து போன கணேசமூர்த்திதான் வாசலில் வைத்துத் திருத்தினான். நானே படித்தேன் என்று உங்களிடம் சொன்னது பொய்" என்றேன். மனேஜரின் சிரிப்பு நின்றது. அந்தப் பெண் என்னைப் பார்க்காமல் தரையைப் பார்த்தாள்.

அப்போதுதான் பாதிரியார் பேசினார். அவர் கிரேக்கம் படித்தவர். இங்கிலீஷில் தியூஸிடிடீஸ் என்று சொல்வது வழக்கம்தான், ஆனால் கிரேக்க எழுத்தில் அந்த இடத்தில் இருப்பது 'ஸி' இல்லை, 'கி' என்றார். தூக்கிடிடேஸ் என்று சொன்னால்தான் அந்த மனிதரே திரும்பிப் பார்த்திருப்பார், இந்தப் பெண் சொன்னது நம்மைவிட அவர் ஊருக்குப் பக்கம் என்றார். சுடுதண்ணீர் வேண்டும் என்று சொல்லிவிட்டு வெளியே போய் நின்றேன்.

நாகலெட்சுமி திங்கட்கிழமை வேலைக்கு வருகிறாள். மனேஜர் அன்றிலிருந்து என்னிடம் பேசுவதில்லை. உதவித் தலைமையாசிரியர் பதவி இனி எனக்கு வராது என்று சண்முகவடிவு கவலைப்படுகிறாள். வராவிட்டால் போகட்டும். கொஞ்ச நாளாக இல்லாத தூக்கம் இப்போது வருகிறது.

நீ இலங்கைக்குத் திரும்பி வர வீசா கொடுக்கமாட்டார்கள் என்று தெரியும். நான் அங்கே வர முடியுமா என்று பாஸ்போட் வேலை பார்த்துக் கொடுக்கும் ஹமீத் பாயிடம் விசாரிக்கச் சொல்லியிருக்கிறேன். வந்தால் ஒரு நாளாவது உன்னோடு இருப்பேன். அதுவரை ஒரு வரியாவது எழுது. திட்டி எழுதினாலும் சரி.

உன் அம்மாவின் கண்ணுக்கு வைத்தியம் பார்த்தீர்களா? அவர்களுக்கு என் வணக்கத்தைச் சொல். இந்தக் கடிதத்தை அவர்களுக்குப் படித்துக் காட்டுவாய். நான் பொய் சொன்ன இடம் வந்ததும் சத்தமில்லாமல் தாண்டிப் போய்விடுவாய், உன் குணம் எனக்குத் தெரியும். தாண்டாதே. அதையும் படி.

உன் நலம் வேண்டும்,
ஆண்டியப்பன்