உன் வேட்டியை நான் ஏன் தரவில்லை

உன்னை நினைத்து நான் வெட்கப்படுகிறேன் என்று உன் அத்தை திசையன்விளை வரைக்கும் சொல்லி வைத்திருக்கிறாள். அது தவறு. உன் வேட்டியை நான் தர மறுத்தது உண்மை. மறுத்ததற்கு அவள் சொல்லும் காரணம்தான் பொய். ஊரில் ஒவ்வொருவரிடமும் போய் விளக்கம் சொல்லும் வழக்கம் எனக்கு இல்லை. உனக்கு மட்டும் சொல்லிவிடுகிறேன், விஷயம் உன்னைப் பற்றியது என்பதால்.

இன்று காலை பீரோவின் கீழ்த்தட்டைத் திறந்தேன். அந்துருண்டை வாடைக்கு அடியில் உன் பவுடர் வாசனை இன்னும் இருக்கிறது. முகம், கழுத்து, முழங்கை வரைக்கும் வெள்ளையடித்ததுபோல் பூசிக்கொள்வாய். துடைத்துவிட வந்தால் "இருக்கட்டும்மா, மணக்கு" என்று தள்ளிப் போவாய். எல்லாம் நாலு முழ வேட்டிகள். எட்டு முழம் கட்டினால் உன் உயரத்துக்கு அது தெருவைக் கூட்டும். ஓரத்தில் நான் தைத்த தையல் ஒன்றுகூடப் பிரியவில்லை. பார்த்தேன், மூடிவிட்டேன்.

நீ போன இந்தப் பதின்மூன்று வருடத்தில் வீட்டில் நடந்ததில் உனக்குத் தெரியவேண்டியது ஒன்று உண்டு. உன் தங்கை உண்டாகியிருக்கிறாள். தாமதமாகத்தான் கல்யாணம் ஆயிற்று. இரண்டு முறை தங்காமல் போனது. அதன்பின் தூத்துக்குடிக்கும் மதுரைக்குமாக எத்தனையோ மருத்துவமனை வாசல்கள். முப்பத்தெட்டு வயதில் இது நின்றிருக்கிறது. மாப்பிள்ளை தொலைபேசியில் சொன்னபோது போனைக் காதிலிருந்து எடுத்து நெஞ்சோடு வைத்துக்கொண்டேன். லைன் போய்விட்டது என்று நினைத்து அவர் வைத்துவிட்டார்.

மூன்றாம் மாதம் ரத்தம் எடுத்தார்கள். ஸ்கேனில் குழந்தையின் பிடரிப் பக்கம் அளந்து பார்த்தார்கள். எழுபதில் ஒன்று என்று முடிவு வந்தது. குழந்தைக்கு டவுன் சிண்ட்ரோம் இருப்பதற்கான வாய்ப்பு அது. உன்னைப் போல் இருப்பதற்கான வாய்ப்பு.

மாப்பிள்ளைக்கு விடுப்பு கிடைக்காததால் பாளையங்கோட்டை டாக்டரிடம் நான்தான் கூடப் போனேன். சின்ன வயதுப் பெண், பொறுமைசாலி. உண்டா இல்லையா, இரண்டில் ஒன்று சொல்லுங்கள் என்றேன். நான் படித்த கான்வெண்டில் பாதி விடைக்கு மதிப்பெண் கிடையாது.

"இது முடிவு இல்லம்மா. மேக்கொண்டு பாக்கணுமா வேண்டாமான்னு சொல்லுத டெஸ்ட், அவ்வளவுதான். எழுபது பேருக்கு இப்படி வந்தா, அறுபத்தொம்பது பேர் பிள்ளைக்கு அது இருக்காது."

உன் தங்கை மேசையைப் பார்த்தபடி சொன்னாள்: "மிச்சம் இருக்க அந்த ஒண்ணுதான் எங்க அண்ணன், டாக்டர்."

அந்தப் பெண் பேனாவைக் கீழே வைத்துவிட்டாள். உன் ரத்தத்தில் குரோமோசோம் பார்த்த சோதனை எதுவும் இருக்கிறதா என்று கேட்டாள். இல்லை. உன் காலத்தில் யார் பார்த்தார்கள்? உன் தங்கையின் ரத்தத்தை எடுத்துப் பார்த்து, இது குடும்ப வழியில் வருகிற வகை இல்லை என்று பின்னால் சொன்னார்கள். அது மட்டும் ஒரு ஆறுதல்.

அந்த அறையில் 'ரிஸ்க்' என்ற சொல் பல தடவை வந்தது. நீ பிறந்த காலத்தில் மருத்துவர்களே உன்னைப் போன்ற பிள்ளைகளுக்கு ஏதோ ஒரு தேசத்து மக்களின் பெயரை வைத்திருந்தார்கள். அந்தச் சொல்லை நம் வீட்டு வாசலுக்குள் நான் விட்டதில்லை. உன் அப்பாவின் நண்பர் ஒருவர் சொன்னார் என்று பாதிக் காப்பியோடு அவரை எழுப்பி அனுப்பினேன். இந்தச் சொல்லைத் தடுக்க எனக்கு வழி தெரியவில்லை. டாக்டர் மரியாதையாகத்தான் சொன்னாள். கைப்பையை மடியில் வைத்துக்கொண்டு, நிமிர்ந்து உட்கார்ந்து, நீ போகும் வரை முப்பத்தாறு வருடம் நான் சோறு ஊட்டிய பிள்ளையை 'ரிஸ்க்' என்று சொல்லக் கேட்டுக்கொண்டிருந்தேன்.

உனக்குப் பிறகு பதினோரு வருடம் நானும் உன் அப்பாவும் பயந்தோம். அடுத்ததும் அப்படியே வந்தால் என்ன செய்வது என்ற பயம். இரண்டு பிள்ளைகளை விட்டுவிட்டு நாங்கள் எப்படிக் கண் மூடுவது என்ற பயம். அவள் வயிற்றில் இருந்தபோது இந்த ஊரில் எங்களுக்குச் சோதனை பற்றிச் சொல்ல ஆளில்லை. பிறந்ததும் டாக்டர் அவள் கண்ணையும் உள்ளங்கை ரேகையையும் பார்த்துவிட்டு ஒன்றுமில்லை என்றார். நீ கட்டிலில் சம்மணம் போட்டு உட்கார்ந்து அவளைத் தூக்கித் தரச் சொன்னாய். மடியில் வைத்ததும் அறையிலிருந்த எல்லோரையும் பார்த்து "பைய, பைய" என்று அதட்டினாய். பிள்ளை உன் கையில் இருக்கிறது, நாங்கள் சுவரோரம் நிற்கிறோம், நாங்கள் என்னத்தை மெதுவாகச் செய்வது? உன் அப்பா அன்றைக்குத்தான் வாய்விட்டுச் சிரித்தார்.

அந்தப் பிள்ளைதான் இப்போது மூன்றாம் மாதத்து வயிற்றை முந்தானையால் மூடிக்கொண்டு ஆட்டோவில் என் பக்கத்தில் உட்கார்ந்திருந்தாள். ரத்தத்திலேயே இன்னும் துல்லியமாகப் பார்க்கும் சோதனை உண்டு என்று வெளியூருக்கு அனுப்பினார்கள். காத்திருந்தோம். ரத்தத்தில் குழந்தையின் கூறு போதிய அளவு கிடைக்கவில்லை, முடிவு சொல்ல இயலாது என்று வந்தது. மறுபடியும் எடுத்து அனுப்பினார்கள். மறுபடியும் அதே பதில். இனி ஊசிதான். வயிற்றில் ஊசி போட்டுப் பனிக்குடத்து நீரை எடுத்துப் பார்த்தால் உறுதியாகத் தெரியும். ஆனால் அந்த ஊசியால் சிலருக்குக் கரு கலைந்துபோவதும் உண்டு, அரிதுதான், இல்லை என்று சொல்லமாட்டேன் என்றாள் டாக்டர். நல்ல பெண், எதையும் மறைக்கவில்லை.

அன்று திரும்பி வரும்போது கொக்கிரகுளம் பாலத்தில் வண்டிகள் நகரவில்லை. கீழே ஆற்றில் துணி துவைக்கிற சத்தம் மேலே கேட்டது. உன் தங்கை வெளியே பார்த்துக்கொண்டே கேட்டாள்.

"அண்ணன அப்பமே கண்டுபிடிச்சுச் சொல்லியிருந்தாங்கன்னா நீ என்னம்மா செஞ்சிருப்ப?"

பெற்றிருப்பேன் என்று சொல்ல வாயெடுத்தேன். வரவில்லை. அவள் என்னைப் பார்க்கவே இல்லை, காத்திருந்தாள். அந்தப் பதிலை வைத்து அவள் தன் வயிற்றைப் பற்றி முடிவெடுக்கப் போகிறாள் என்று எனக்குத் தெரியும். நல்லது என்பதற்காக நான் ஒரு பொய்யை அவள் கையில் கொடுக்க முடியாது.

"தெரியாது" என்றேன்.

உன்னிடம் முழுவதும் சொல்லவேண்டும். அப்போது எனக்கு இருபத்து மூன்று வயது. வகுப்பில் முதலிடத்துக்குப் பழகியவள். மாமியார் வீட்டில் ஒரு சொல் கேட்கக்கூடாது என்று தலை நிமிர்த்தி நடந்தவள். அவளுக்கு உன்னைத் தெரியாது. உன் பவுடர் தெரியாது. பேருந்தில் ஏறினால் ஓட்டுநருக்கு நீ வணக்கம் வைப்பது தெரியாது. உன் அப்பா வேலை போய் வீட்டில் உட்கார்ந்திருந்த மாதத்தில் நீ மட்டும் தினமும் அவர் செருப்பைத் துடைத்து வாசலில் வைத்தது தெரியாது. உன்னை அறிந்த என்னிடம் கேட்டால் மூச்சு விடுவதற்குள் பதில் வரும். ஆனால் இந்தச் சோதனைகள் கேட்பது உன்னை அறியாதவளிடம். அவள் சார்பில் நான் எப்படிக் கையெழுத்துப் போடுவேன்?

 உன் தங்கை என் கையைத் தன் மடிக்கு இழுத்து வைத்துக்கொண்டாள். "நீ பெத்திருப்பேன்னுதான் சொல்லுவன்னு நெனச்சேன். சொல்லியிருந்தா ஒன் மேல கோவம் வந்திருக்கும்" என்றாள்.

ஊசி வேண்டாம் என்று அவளும் மாப்பிள்ளையும் முடிவெடுத்தார்கள். நான் ஒரு சொல்லும் சொல்லவில்லை. இரண்டை இழந்தவள், மூன்றாவதைத் தானே தொடப் பயந்தாள், அவ்வளவுதான். வேண்டும் என்று முடிவெடுத்திருந்தாலும் அதே ஆட்டோவில் அவள் பக்கத்தில் உட்கார்ந்து போயிருப்பேன். இப்போது ஏழாம் மாதம். ஸ்கேனில் இதயம் சரியாகத் தெரிகிறது என்கிறார்கள். அதை வைத்து எதுவும் சொல்ல முடியாது என்றும் சேர்த்தே சொல்கிறார்கள். மதியம் தூங்குகிறவள் திடீரென்று எழுந்து, "தெரிஞ்சுகிட்டிருக்கணுமோ?" என்கிறாள். அன்றைக்கு மாலையே தெரியாமல் இருப்பதுதான் நல்லது என்கிறாள். இரண்டுக்கும் நான் தலையாட்டுகிறேன். வாழ்நாளில் யாருக்கும் அப்படித் தலையாட்டியவள் இல்லை நான்.

போன வாரம்தான் உன் அத்தை வந்தாள். நம் வீடுகளில் பிறந்த பிள்ளைக்குப் புதுத்துணி போடுவதில்லை. பழைய வேட்டியைக் கிழித்து வெந்நீரில் அலசி, அதில்தான் முதலில் ஏந்துவோம். இறந்துபோனவர்கள் துணியை எடுக்கமாட்டார்கள். அத்தை உன்னுடையதைக் கேட்டாள்.

"மதினி, அவன்தான் திரும்பி வாரான். அந்த டெஸ்டே அதத்தான் சொல்லுது. அவன் வேட்டியத் தாங்க, நான் கிழிச்சு வைக்கேன். அவன் துணியில அவனே கெடக்கட்டும்."

"வாரது யாருன்னு வந்த பொறவு கேட்டுக்கிடலாம். இது அவன் வேட்டி" என்றேன்.

"கான்வெண்டுல படிச்ச திமிரு இன்னும் போவல ஒங்களுக்கு" என்று செருப்பை மாட்டிக்கொண்டாள். படி இறங்கும்போது அழுதாள்.

காரணம் இதுதான். வயிற்றில் இருப்பது யாரென்று ஒருவருக்கும் தெரியாது. அது உன்னைப் போல் இருக்கலாம், இல்லாமலும் போகலாம். எப்படி வந்தாலும் அது அதுவாகத்தான் வரும். முதல் நாளே உன் துணியில் சுற்றி, உன் பெயரைக் கூப்பிட்டு, உன் இடத்தை நிரப்பச் சொல்வது அந்தக் குழந்தைக்குச் செய்யும் நியாயம் இல்லை. உன் இடம் நிரம்பவேண்டும் என்று நான் யாரிடமும் கேட்கவும் இல்லை. அது வெறுமையாக இருக்கிறது. இருக்கட்டும், நான் பார்த்துக்கொள்கிறேன். குழந்தைக்கு உன் தங்கையின் பழைய பருத்திச் சேலையைக் கிழித்து வைத்திருக்கிறேன்.

ஆனால் அத்தை அழுதுகொண்டு போனதிலிருந்து எனக்குச் சரியாகச் சோறு இறங்கவில்லை. அவள் ஒரு கணம்கூட யோசிக்காமல் நீ திரும்பி வரவேண்டும் என்று சொல்லிவிட்டாள். உன்னைப் பெற்ற நான், நடுப்பாலத்தில், தெரியாது என்று சொன்னேன். அது உண்மை. இன்றைக்குக் கேட்டாலும் அதையேதான் சொல்லவேண்டியிருக்கும். நீ இருந்தபோது, அடுத்த அறையில் நாங்கள் மெதுவாகப் பேசுவதெல்லாம் உன் காதில் விழுந்துவிடும். சாப்பிடும்போது ஒன்றுமே கேட்காமல் என்னையே பார்ப்பாய். அந்தப் பார்வைதான் இப்போது என்னிடம் இருக்கிறது. சமையலறையிலும் இருக்கிறது, டாக்டர் வீட்டு வாசலிலும் இருக்கிறது. நீ கோபித்துக்கொண்டாயா என்று எனக்குத் தெரியவில்லை.

உன் தங்கைக்கு நான் சொன்ன பதில் உனக்குச் சம்மதமா, இல்லையா? ஒரு வரி போதும். எழுத்து கோட்டை விட்டு இறங்கினாலும் இந்த முறை நான் திருத்தமாட்டேன். உன் கையால் எழுதி அனுப்பு.

அம்மா