ரோஸ் சீட்டு

உன் மகள் நேற்று கொடுத்துவிட்டுப் போன புத்தகத்தில் இன்னும் உன் டிபன் பாக்ஸின் பெருங்காய வாசனை இருக்கிறது. அமெரிக்க உள்நாட்டுப் போர் பற்றிய அந்தத் தடிப் புத்தகம்தான். "அம்மா போறதுக்கு முன்னாடி உங்களுக்குத்தான் தரச் சொன்னாங்க ஆன்ட்டி" என்றாள்.

அதை வைத்து நீ நடத்திய வகுப்பை மறக்க எவ்வளவோ முயன்றிருக்கிறேன். தாம்பரம் கல்லூரியில் நாம் இருவரும் ஒரே நாளில் வரலாற்றுத் துறையில் சேர்ந்தவர்கள். என் வகுப்பில் பிள்ளைகள் கொட்டாவி விட்டார்கள். உன் வகுப்பில் ஜன்னலுக்கு வெளியேயும் நின்றார்கள். "கவர்னருக்கு எலெக்‌ஷனா மேடம்? டெல்லியில இருந்துதானே அனுப்புவாங்க?" என்று கேட்டவளையே வேட்பாளர் ஆக்கி, சீட்டு வெட்டி வகுப்பிலேயே தேர்தல் நடத்தினாய். போர்முனைச் சிப்பாய்கள் தங்கள் மாநில ஆளுநருக்கு ஓட்டுப் போட்ட கதை. ஒரு கட்சிக்கு வெள்ளைச் சீட்டு, மற்றதற்கு ரோஸ். "கலரைப் பாத்தாலே யாருக்குப் போட்டான்னு அதிகாரிக்குத் தெரிஞ்சிடும். அப்பவும் மாத்திப் போட்டவன் தைரியசாலி" என்றாய். நான் வராந்தாவில் நின்று பொருமினேன்.

மிச்சமான ரோஸ் சீட்டுகள்தான் அடுத்த வாரம் ஆசிரியர் சங்கத் தேர்தலுக்கு வந்தன. பெயர் எழுதி மடித்துப் போட வேண்டும். செயலாளர் பதவிக்கு உன்னை முன்மொழிந்தவளே நான். எதிரே வணிகவியல் சார். எல்லா ஓட்டும் உனக்கு, ஒன்றைத் தவிர. அந்தச் சீட்டை வாங்கி ஒரு நொடி பார்த்தாய்.

"என்ன சார், உங்களுக்கு நீங்களே போட்டுக்கிட்டீங்களா?"

"ஐயோ, நானே உங்களுக்குத்தான் மேடம் போட்டேன்."

எல்லோரும் சிரித்தார்கள். நானும்தான்.

இன்று புத்தகத்தைத் திறந்தால், அந்தத் தேர்தல் பக்கத்தில் அதே சீட்டு. சாரின் பெயர், என் கையெழுத்தில். வருடக்கணக்காகச் சேர்ந்து விடைத்தாள் திருத்தியவளுக்கு என் கையெழுத்துத் தெரியாதா? இதுகூடத் தோன்றவில்லை எனக்கு. அந்தச் சிப்பாய் எல்லோரும் பார்க்க மாற்றிப் போட்டான். நான் மடித்துப் போட்டேன்.

சங்கத் தேர்தல் அன்று மதியமும் உன் எலுமிச்சை சாதத்தில் பாதியை என் தட்டில் வைத்தாய். ஓய்வு பெறும்வரை பம்மல் ஷேர் ஆட்டோவில் எனக்கு இடம் பிடித்தாய். ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். சண்டையாவது போட்டிருக்கலாம், அழுது மன்னிப்புக் கேட்டிருப்பேன்.

உன் வகுப்பைப் பார்த்துப் பட்ட பொறாமை வேலையோடு போயிற்று. தெரிந்துகொண்டே என்னோடு உட்கார்ந்து சாப்பிட்டாயே, அந்த மனசைப் பார்த்துத்தான் இப்போது வயிறெரிகிறது. இதில்கூட என்னை ஜெயித்துவிட்டுப் போய்விட்டாய்.

சீட்டைக் கிழிக்கப் போனேன். முடியவில்லை. அதே பக்கத்தில் வைத்திருக்கிறேன், மடிக்காமல்.