நாலாம் நம்பர் பூட்ஸ்

ஜூன் 4

அன்புள்ள வாலு,

நீ நலமா என்று கேட்டால் "நலம்" என்று ஒரு வார்த்தை எழுதிவிட்டு மீதிப் பக்கத்தைக் காலியாக விடுவாய். அதனால் கேட்கவில்லை.

காலணிச் சோதனைக்கூடத்தில் எனக்கு மூச்சுவிட நேரமில்லை. ராணுவத்தில் உங்களுக்கு இப்போது மணலுக்கு ஒன்று, சேற்றுக்கு ஒன்று, பனிக்கு ஒன்று என்று மூன்று பூட்ஸ் தருகிறார்கள் அல்லவா? மூன்றையும் எடுத்துவிட்டு எல்லாத் தரைக்கும் எல்லாப் பருவத்துக்கும் ஒரே பூட்ஸ் கொடுக்கலாமா என்று மேலிடம் கேட்கிறது. ஐந்து கம்பெனிகள் மாதிரி அனுப்பியிருக்கின்றன. நம்பர் போட்டு மேஜையில் வைத்திருக்கிறோம். முதலாவது பயங்கர கனம். இரண்டாவதில் சேறு ஒட்டினால் விடுவதில்லை. மூன்றாவதும் ஐந்தாவதும் தண்ணீர்த் தொட்டியில் ஒரு மணி நேரம் நிற்பதற்குள் உள்ளே ஊறிவிட்டன. எனக்குப் பிடித்தது நாலாம் நம்பர்தான். உள்ளே கழற்றி மாட்டும் கம்பளி உறை இருக்கிறது. வெயிலில் கழற்றிவிடலாம், குளிரில் மாட்டிக்கொள்ளலாம். பிரிவுத் தலைவரிடம் துணிந்து சொன்னேன். "பார்க்கலாம்மா" என்றார். அவர் பார்க்கலாம் என்றால் பாதி சம்மதம்.

ஆட்கள் போட்டு நடந்து பார்க்கும் சோதனைக்கு உன் படைப்பிரிவு தேர்வாகியிருக்கிறது. நான் எதுவும் செய்யவில்லை, குலுக்கலில் விழுந்தது. நீ என் தம்பி என்று இங்கே யாரிடமும் சொல்லவில்லை. நீயும் அங்கே வாயை வைத்துக்கொண்டு சும்மா இரு. படிவங்கள் வரும், ஒழுங்காக நிரப்பி அனுப்பு.

சாக்ஸைத் தினமும் துவை. துவைக்க மாட்டாய் என்று தெரியும். அம்மா போனதிலிருந்து இதையெல்லாம் உனக்குச் சொல்ல என்னை விட்டால் யார் இருக்கிறார்கள்?

உன் அக்கா

ஜூலை 19

அன்புள்ள அக்காவுக்கு,

நலம். (மீதிப் பக்கத்தையும் நிரப்புகிறேன், திட்டாதே.)

உன் நாலாம் நம்பர் வந்து சேர்ந்தது. எங்கள் செக்‌ஷனில் எழுத்து வேலை என்றால் எல்லோரும் என்னைத்தான் பார்ப்பார்கள், அதனால் இருபத்திரண்டு பேரின் படிவமும் என் தலையில். மணலில் மூன்று வாரம் நடந்தோம். கழுத்து உயரமாக இருப்பதால் மணல் உள்ளே வரவில்லை. குதிகாலில் முதல் நான்கு நாள் கடித்தது, பிறகு பழகிவிட்டது. ஆற்றோரச் சேற்றில் பத்து நாள். காலை உருவினால் பூட்ஸும் கூடவே வருகிறது. பழையது அங்கேயே நின்றுவிடும், நாங்கள் ஒற்றைக் காலில் தள்ளாடுவோம். அத்தனையும் உண்மை, அக்கா. உன்னைக் குளிர்விக்க எழுதவில்லை.

நெட்டையனைப் பற்றிச் சொல்லியிருக்கிறேனே, ஆறடி மூன்று அங்குலம், எனக்குப் பக்கத்துக் கட்டில். அவன் காலுக்கு இதுவரை எந்த பூட்ஸும் சரியாக அமைந்ததில்லை. இதைப் போட்டுவிட்டு, "எவனோ யோசிச்சுச் செஞ்சிருக்கான்டா" என்றான். எவனோ இல்லை, எவளோ என்று சொல்ல நாக்கு துடித்தது. அடக்கிக்கொண்டேன்.

அடுத்து மலைக்கு அனுப்புகிறார்கள்.

உன் வாலு

ஆகஸ்ட் 30

அன்புள்ள வாலு,

உன் படிவங்களைத் தலைவர் எல்லோர் முன்னாலும் படித்துக் காட்டினார். எனக்குத் தலைகால் புரியவில்லை.

ஆனால் ஒரு சங்கடம். குளிர் அறையில் ஆறு ஜோடிகளை இயந்திரத்தில் மாட்டி, நடக்கும்போது மடங்குவது போல மடக்கி மடக்கிப் பார்த்தோம். இரண்டு ஜோடியில், விரல் மடங்கும் இடத்தில், சோல் விரிசல் விட்டது. மயிரிழை அளவுதான். தலைவர், "இயந்திரம் மனுஷன் மாதிரி நடக்காதும்மா, முரட்டுத்தனமா மடக்கும். பனியில ஆளுங்க நடந்து பார்த்து என்ன எழுதறாங்களோ அதுதான் தீர்ப்பு" என்றார். இந்தப் பருவத்தில் பனிக்குப் போகும் சோதனைப் பிரிவு உங்களுடையது ஒன்றுதான். உங்கள் படிவத்தை வைத்துத்தான் நான் கையெழுத்துப் போட வேண்டும்.

வேறு செய்தி என்ன? ஏழு வருடமாகத் தற்காலிக ஊழியராகவே இருக்கிறேன், தெரியுமே. ஆண்டுக்கு ஒருமுறை வேலை நீட்டிப்புக் கடிதம் வருமா வராதா என்று தபால்காரரையே பார்த்துக்கொண்டிருப்பேன். இந்த பூட்ஸ் தேறிவிட்டால் என்னை நிரந்தரம் செய்ய எழுதுவதாகத் தலைவர் சொன்னார். உன்னிடம் இதைச் சொல்லியிருக்கக் கூடாதோ என்னவோ. சொல்ல வேறு ஆளில்லை.

கம்பளி உறையைக் காயவைத்துப் போடு.

உன் அக்கா

அக்டோபர் 11

அன்புள்ள அக்காவுக்கு,

படிவங்கள் அனைத்தும் இதனுடன். இருபத்திரண்டு பேரும் "நன்று" என்று எழுதியிருக்கிறார்கள். பனியில் பதினைந்து நாள். உன் இயந்திரத்துக்குத்தான் நடக்கத் தெரியவில்லை, எங்களுக்குத் தெரியும்.

குளிர் பல்லைக் கிட்டிக்க வைக்கிறது. பேனா மை உறைந்துவிடுகிறது, சட்டைக்குள் வைத்துச் சூடாக்கித்தான் எழுதுகிறேன். சாக்ஸ் இரண்டு ஜோடி போட்டால் ஒன்றும் தெரிவதில்லை. நெட்டையன் மட்டும் கொஞ்சம் முணுமுணுத்தான். அவன் சோற்றில் உப்பில்லை என்றாலும் முணுமுணுப்பான், விடு.

நிரந்தரமானதும் முதலில் அந்த ஒழுகும் அறையைக் காலி செய். ஜன்னல் உள்ள வீடாகப் பார். எனக்கும் ஒரு கட்டில் போட இடம் இருக்க வேண்டும்.

உன் வாலு

நவம்பர் 20

அன்புள்ள வாலு,

கையெழுத்துப் போட்டுவிட்டேன். நிரந்தர ஆணையும் வந்துவிட்டது. அந்தத் தாளை மூன்று முறை படித்தேன், பிறகு கழிவறைக்குப் போய் அழுதேன். வெளியே வந்ததும் தலைவர், "சளியாம்மா?" என்றார். ஆமாம் என்றேன்.

மலைப் பிரிவுகளுக்கெல்லாம் நாலாம் நம்பர் கிளம்பிவிட்டது. குளிர் அறையில் விரிந்த இரண்டு ஜோடியும் என் அலமாரியில்தான் இருக்கின்றன. தூக்கிப் போட மனம் வரவில்லை. அவ்வப்போது எடுத்து விரிசலில் நகத்தை வைத்துப் பார்க்கிறேன். நகம் உள்ளே போகிறது. நீ நன்று என்று எழுதியிருக்கிறாய், எனக்கு ஏன் இந்த வேண்டாத வேலை?

வீடு பார்த்தாயிற்று. இரண்டு ஜன்னல். விடுமுறைக்கு வா.

உன் அக்கா

ஜனவரி 14

அக்கா,

ஊருக்குப் போகும் ஒருவர் கையில் இதைக் கொடுத்தனுப்புகிறேன். தபாலில் போட்டால் பிரித்துப் படிப்பார்கள்.

ராணுவ ஆஸ்பத்திரியில் இருக்கிறேன். பதறாதே, உயிருக்கு ஒன்றுமில்லை. இடது காலில் மூன்று விரலை எடுத்துவிட்டார்கள். நெட்டையனுக்கு இரண்டு காலும் கணுக்காலுக்கு மேலே போய்விட்டன. ஆறடி மூன்று அங்குல ஆளைக் கட்டிலில் பார்க்க முடியவில்லை, அக்கா. குழந்தை அளவுக்குத்தான் போர்வை மேடாகத் தெரிகிறது.

அந்தப் படிவங்கள் பொய். பனியில் ஆறாவது நாளே நான்கு பேருக்கு சோல் விரிந்தது. ஒன்பதாவது நாள் ஏழு பேருக்கு. உள்ளே ஈரம் ஏறிவிட்டது. உன் கடிதம் என் பையில் இருந்தது. அதை எடுத்துப் பையன்களிடம் காட்டி, "இது என் அக்கா பொறுக்கின பூட்ஸ்டா. ஏழு வருஷமா தொங்கிக்கிட்டிருக்கா. நல்லா இருக்குன்னு எழுதிக் குடுங்கடா" என்றேன். சிரித்துக்கொண்டே எழுதிக் கொடுத்தார்கள். நெட்டையன் மட்டும் கடைசிவரை பேனாவைத் தொடவில்லை. பிறகு என் முகத்தைப் பார்த்துவிட்டு, "உங்கக்காவுக்காக" என்று சொல்லி அவனும் எழுதினான்.

யாருக்கும் ஆபத்து வராது என்று நினைத்தேன். பழைய பனி பூட்ஸ் எங்கள் பெட்டியில்தானே இருக்கிறது, புதியதை அணிவகுப்புக்குப் போட்டுக்கொண்டு மேலே போகும்போது பழையதை மாட்டிக்கொள்வோம் என்பது எங்கள் கணக்கு. டிசம்பரில் புதியதை விநியோகித்த அன்றே பழையதை எண்ணி வாங்கி லாரியில் ஏற்றிவிட்டார்கள். அதன் பிறகு புயலில் மூன்று நாள் மேலே மாட்டிக்கொண்டோம்.

டாக்டர் அறிக்கையில், நெட்டையன் ஈர சாக்ஸை மாற்றாமல் அஜாக்கிரதையாக இருந்தான் என்று எழுதியிருக்கிறார்கள். பூட்ஸ்தான் சோதனையில் தேறிவிட்டதே, வேறு எப்படி எழுதுவார்கள்? அவனுக்கு ஓய்வூதியம்கூட வராதாம். அவன் என்னைக் காட்டிக்கொடுக்கவில்லை. என்னோடு பேசவும் இல்லை.

பிப்ரவரி முதல் வாரத்தில் இன்னும் இரண்டு பட்டாலியன் மேலே போகிறது. அதே பூட்ஸில்தான்.

என்ன செய்வதென்று தெரியவில்லை. உன்னிடம் சொன்னால் பாரம் குறையும் என்று எழுதினேன். குறையவில்லை.

தம்பி

ஜனவரி 27

என் கண்ணே,

உன் கடிதம் வந்து இரண்டு நாளாகிறது. நேற்றுக் காலை அதை அப்படியே, உறையோடு, தலைமையகத்து விசாரணை அதிகாரியிடம் கொடுத்துவிட்டேன். அலமாரியில் இருந்த இரண்டு ஜோடி பூட்ஸையும் அவர் மேஜைமேல் வைத்தேன். நீ என் தம்பி என்பதை மறைத்ததையும், விரிசலைக் கண்ணால் பார்த்த பிறகும் கையெழுத்துப் போட்டதையும் எழுதிக் கொடுத்தேன். அவர், "இது யாரு எழுதினது, தெரிஞ்சுதான் குடுக்கறீங்களா?" என்று இரண்டு முறை கேட்டார். தெரிந்துதான் கொடுத்தேன்.

உன்னிடம் கேட்டிருக்கலாம். கேட்டால் "வேண்டாம் அக்கா" என்பாய், நீ அப்படிச் சொன்ன பிறகு எனக்குக் கை வந்திருக்காது. சின்ன வயதிலிருந்து உன் சம்பந்தப்பட்ட எதையும் நான்தானே முடிவு செய்தேன். இதையும் அப்படியே செய்துவிட்டேன்.

நீ பொய் எழுதினாய் என்று உன்னைத் திட்ட எனக்கு வாயில்லை. இருபத்திரண்டு பேரில் ஒருவர்கூடக் குறை சொல்லவில்லை என்றபோதே எனக்கு உறைத்திருக்க வேண்டும். எந்த பூட்ஸுக்கும் அப்படி வந்ததில்லை. எனக்கு அந்த வேலை வேண்டியிருந்தது, அதனால் நம்பினேன். ஆணையைத் திருப்பிக் கொடுத்துவிட்டேன். பூட்ஸ் விநியோகத்தை நிறுத்திப் பழையதையே திருப்பிக் கொடுக்கச் சொல்லி மதியமே தந்தி போயிற்று.

உன்னைப் பார்க்க அனுமதி கேட்டிருக்கிறேன். கிடைத்ததும் வருகிறேன். கால் வலிக்கிறதா என்று ஒரு வரி எழுது.

உன் அக்கா

ஏப்ரல் 9

அக்காவுக்கு,

பிப்ரவரியிலும் மார்ச்சிலும் நீ எழுதிய நான்கு கடிதங்களும் கிடைத்தன. ஆஸ்பத்திரி வாசலில் நீ வந்து நின்றதும் தெரியும். பார்க்க முடியாது என்று நர்ஸிடம் சொல்லச் சொன்னது நான்தான்.

விசாரணை முடிந்தது. பொய்ப் படிவத்துக்காக என்னை வேலையை விட்டு நீக்கிவிட்டார்கள். ஜெயில் இல்லை, கால் இப்படியிருப்பதால் இரக்கம் காட்டினார்களாம். இரண்டு பட்டாலியனும் பழைய பூட்ஸில் மேலே போய்விட்டுத் திரும்பி வந்துவிட்டன. ஒரு விரல்கூடப் போகவில்லை. நெட்டையனின் அறிக்கையைத் திருத்திவிட்டார்கள், அவனுக்கு ஓய்வூதியம் உண்டு. நீ செய்தது சரி. அதில் எனக்குச் சந்தேகம் இல்லை.

விசாரணை அறைக்குள் போனபோது என் கடிதம் அவர்கள் மேஜைமேல் இருந்தது. அதிகாரி சத்தமாகப் படித்தார். போர்வை மேடு பற்றி எழுதியிருந்தேனே, அதையும் படித்தார். நெட்டையன் அங்கே சக்கர நாற்காலியில் உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருந்தான். பிறகு, "நீயே வந்து சொல்லியிருந்தா நான் உன்னை மன்னிச்சிருப்பேன்டா" என்றான். அவன் என்னிடம் பேசியது அவ்வளவுதான்.

ஒரு வரி எழுதிக் கேட்டிருந்தால் நானே போய்ச் சொல்லியிருப்பேன், அக்கா. நிஜமாகச் சொல்லியிருப்பாயா என்று நீ கேட்கலாம். சத்தியமாக எனக்குத் தெரியாது. இரண்டு மாதமாக அதையேதான் யோசிக்கிறேன். இனி எத்தனை வருடம் யோசித்தாலும் அது எனக்குத் தெரியப்போவதில்லை. அதைத்தான் என்னால் உன்னிடம் பொறுத்துக்கொள்ள முடியவில்லை.

கோபமில்லை என்று எழுதத்தான் உட்கார்ந்தேன். இருக்கிறது.

ஒரு கிடங்கில் உட்கார்ந்த இடத்தில் சீட்டு எழுதும் வேலை கிடைத்திருக்கிறது. கால் வலி இப்போது இல்லை. வீட்டுக்கு வரவில்லை. உறையின் பின்னால் முகவரி எழுதவில்லை, தேட வேண்டாம்.

தம்பி