உண்மையில் எந்தப் பெட்டி நல்லது?

கவாசாகி
1997, அக்டோபர் 6

அன்புள்ள ரியோஹே அப்பாவுக்கு,

இவ்வளவு நேரம் கழித்து எழுதுவதற்கு மன்னியுங்கள். ரியோஹே இப்போதுதான் தூங்கினான். உங்கள் தொழிற்சாலை விடுதித் தொலைபேசியில் இதைப் பேச முடியாது. பின்னால் வரிசையில் நிற்பவர்களின் காதெல்லாம் கம்பெனிக் காது.

ஒயித்தாவில் குளிர் வந்துவிட்டதா? துவைத்த சட்டைதான் போடுகிறீர்களா?

பிறந்த நாளுக்கு ரியோஹே என்ன கேட்டான் என்று உங்களுக்குத் தெரியும். அவன் வகுப்பில் எல்லோரிடமும் இருப்பது எதிர்க் கம்பெனியின் வீடியோ கேம் பெட்டி. அதன் விளையாட்டுத் தட்டு நம் கம்பெனிப் பெட்டியில் ஓடாது, நம்முடையது அதில் ஓடாது. பையன்கள் தட்டு மாற்றிக்கொள்ளும்போது இவன் மட்டும் கையைப் பையில் விட்டுக்கொண்டு நிற்கிறான். எல்லோரும் காத்திருந்த அந்தப் பெரிய கதை விளையாட்டும் அந்தப் பக்கமே போய்விட்டது. வாங்கிக் கொடுத்தேன். நம் கம்பெனிக் குடியிருப்புக்காரர் கண்ணில் படக்கூடாதென்று மூன்று ஸ்டேஷன் தள்ளிப் போய் வாங்கினேன்.

ஆனால் டப்பாவை நம் குடியிருப்புக் குப்பையிலேயே போட்டேன். மடித்துத்தான் போட்டேன். குப்பைப் பை உள்ளே இருப்பது தெரிகிற கண்ணாடிப் பை என்பது நினைவில்லை.

இந்த வாரம் குப்பையைச் சரிபார்க்கும் முறை உங்கள் மேலாளர் மனைவி நுமாகுரா அம்மாவுக்கு. பையை அவிழ்த்து, மீன் முள்ளை விரலால் ஒதுக்கி, டப்பாவை எடுத்துத் துடைத்து, தபால் பெட்டிகளின் மேல் நிற்க வைத்திருந்தார். நான் இறங்கி வந்தபோது நான்கைந்து பெண்கள் நின்றிருந்தார்கள். நுமாகுரா அம்மா என்னைப் பார்த்துக் கேட்டார்:

"இசோபேம்மா, இது உங்க வீட்டுதா? வெளியாளுங்க யாரோ நம்ம இடத்துல வந்து போட்டுட்டுப் போயிட்டாங்களோன்னு பயந்துட்டேன்."

அத்தனை மரியாதையான குரல். விரலில் மீன் செதில் ஒட்டியிருந்தது. வீட்டுக்கு வந்து என் கையைத் தேய்த்துத் தேய்த்துக் கழுவினேன், நான் தொடவே இல்லாவிட்டாலும்.

சாயோகோ


ஒயித்தா
அக்டோபர் 12

சாயோகோவுக்கு,

கடிதம் வந்தது. எனக்கு முன்பே விஷயம் தெரியும். நுமாகுரா சார் போன் செய்து, "வீட்ல எல்லாரும் சௌக்கியமா?" என்று மட்டும் கேட்டார். அது எதற்கு என்று உனக்குப் புரியும்.

கொஞ்சம் இனிப்பு வாங்கிக்கொண்டு போய் நுமாகுரா அம்மாவிடம் மன்னிப்புக் கேட்டுவிடு. யாரோ பரிசாகக் கொடுத்தது என்று சொல். அந்த எதிர்க் கம்பெனிப் பெட்டியை உன் தங்கை வீட்டுக்கு அனுப்பிவிடு. ரியோஹேக்கு நம்முடையதையே இரண்டு விளையாட்டோடு பார்சலில் அனுப்பியிருக்கிறேன்.

நம் பெட்டியில் தட்டு சுழலும்போது சத்தமே வராது. அதற்காக நாங்கள் பட்ட பாடு எங்களுக்குத்தான் தெரியும். அதைப் பற்றி எந்தப் பத்திரிகையும் எழுதுவதில்லை. சொந்த வீட்டிலாவது அது ஓட வேண்டாமா?

கொஞ்ச நாள் பொறுத்துக்கொள்.

மசனோரி


கவாசாகி
அக்டோபர் 27

அன்புள்ள ரியோஹே அப்பாவுக்கு,

நீங்கள் சொன்னபடியே இனிப்போடு போனேன். "இதெல்லாம் எதுக்குங்க, நாம எல்லாம் ஒரே குடும்பம்தானே" என்று இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டார். அத்தோடு முடிந்தது என்று நினைத்தேன்.

ஞாயிற்றுக்கிழமை எல்லோரும் சேர்ந்து புல் பிடுங்கிய பிறகு பொது அறையில் தேநீர். நம் கம்பெனிப் பெட்டியை டிவியோடு வைத்திருந்தார்கள். நுமாகுரா அம்மா ரியோஹேயின் தோளைப் பிடித்து நடுவில் நிறுத்தினார்.

"கண்ணு, உனக்கு எந்தப் பெட்டி பிடிக்கும்? பயப்படாம சொல்லு."

"எங்க அப்பா செய்யற பெட்டிதான். அதுல சத்தமே வராது."

உங்கள் கடிதத்தில் இருந்த அந்த வரியை நான்தான் அவனுக்குப் படித்துக் காட்டியிருந்தேன். கை தட்டினார்கள். "பாத்தீங்களா, ரத்தம் பேசுது!" என்றாள் ஒருத்தி. அவன் தலை குனிந்து வணங்கினான்.

படியேறும்போது கேட்டான்: "நல்லா சொன்னேனாம்மா?"

"யாருடா இப்படிச் சொல்லச் சொன்னது?"

"கோதாரோதான். பெரியவங்க கேட்டா இப்படித்தான் சொல்லணுமாம்."

கோதாரோ யார் தெரியுமல்லவா? நுமாகுரா வீட்டுப் பையன்.

"அவன் வீட்லயும் அந்தப் பெட்டி இருக்கும்மா. மெத்தை அடுக்கற அலமாரிக்குள்ள, போர்வைக்குப் பின்னால. எல்லார் வீட்லயும் இருக்கு. டப்பாவ ஸ்டேஷன் குப்பைத் தொட்டியில போட்டுட்டுத்தான் வருவாங்க. உனக்குத்தான் தெரியல."

இத்தனை நாள் அந்த மீன் விரல்தான் அருவருப்பாக இருந்தது. இப்போது இந்தக் கட்டிடமே அப்படி இருக்கிறது. மாடிக்கு மாடி ஒவ்வொரு அலமாரியிலும் அதே பெட்டி, அதை மறைத்து அடுக்கிய மெத்தை, இரவில் அந்த மெத்தைமேல் நாங்கள். காலையில் எழுந்து ஒருவரையொருவர் வணங்கிக்கொள்கிறோம். என் பிள்ளை ஏழு வயதில் இதில் தேறிவிட்டான்.

பெட்டியைத் தங்கை வீட்டுக்கு அனுப்பவில்லை. டிவி பக்கத்தில், வெளியே, வைத்திருக்கிறேன்.

சாயோகோ


ஒயித்தா
நவம்பர் 3

சாயோகோ,

பெட்டியை உள்ளே எடுத்து வை. கெஞ்சிக் கேட்கிறேன்.

உனக்கு மட்டும் ஒன்று சொல்கிறேன், படித்ததும் கிழித்துவிடு. மார்ச்சோடு நம் பெட்டியின் தயாரிப்பு நிற்கிறது. நுமாகுரா சாருக்கும் எனக்கும் கோடையிலேயே தெரியும். கடைகளுக்கும் மற்றவர்களுக்கும் இன்னும் சொல்லவில்லை. இங்கே தினமும் வேலைக்குப் போகிறோம், தினமும் "ஜெயிப்போம்" என்று சேர்ந்து சொல்கிறோம். அதற்குப் பிறகு யாரை எங்கே வைத்துக்கொள்வார்கள் என்பது இந்தச் சில மாதங்களில் யார் எப்படி நடந்துகொள்கிறார்கள் என்பதில் இருக்கிறது.

எல்லாம் உங்கள் இருவருக்காகத்தான்.

மசனோரி


கவாசாகி
நவம்பர் 9

அன்புள்ள ரியோஹே அப்பாவுக்கு,

கிழித்துவிட்டேன்.

கோடையிலேயே தெரியும் என்கிறீர்கள். அப்படியானால் என்னை இனிப்போடு அந்த வாசலுக்கு அனுப்பும்போதும் தெரியும். செத்துப்போகப் போகிற பெட்டிக்காக நான் தலை குனிந்தேன், அவன் பொய் சொன்னான், அந்த அம்மா கை தட்டினார். இதை எனக்காக என்று எழுதாதீர்கள். கோபம்கூட வரவில்லை. அந்தக் காகிதத்தைக் கையில் வைத்திருக்கவே பிடிக்கவில்லை.

நீங்கள் அனுப்பிய பெட்டியையும் ரியோஹே பிரித்து வைத்தான். இரண்டையும் மாற்றி மாற்றி ஓட விட்டுக் காதை வைத்துக் கேட்டான். "நெஜம்மாவே சத்தம் வரலம்மா" என்றான். பிறகு கேட்டான்: "உண்மையில எதும்மா நல்ல பெட்டி?"

"அப்பாவுக்கு எழுதிக் கேளேன், அவருக்குத்தானே தெரியும்" என்றேன்.

இரண்டு பெட்டியையும் அணைத்தான். "வேணாம்மா. அப்பா எப்படிச் சொல்லணுமோ அப்படித்தான் சொல்வாரு."

உங்கள்மேல் அவனுக்கு வருத்தமே இல்லை. கோதாரோவைப் பற்றிப் பேசுவதுபோலத்தான் சொன்னான். அதுதான் என்னால் தாங்க முடியவில்லை.

மிசோனோகுச்சியில் தோஃபு கடைக்கு மேலே இரண்டு அறை வீடு பார்த்திருக்கிறேன். விடியும் முன்பே கீழே சோயா வேகும் வாசனை வரும். வீட்டுக்காரர் இம்மாதம் முழுக்கக் காத்திருப்பதாகச் சொல்லியிருக்கிறார். நீங்கள் வேலையை விட வேண்டும் என்று நான் கேட்கவில்லை. நுமாகுரா சாரிடம் எதுவும் சொல்ல வேண்டாம், "ஜெயிப்போம்" என்று சொல்வதானால் சொல்லிக்கொள்ளுங்கள்.

அவன் பெயருக்கு ஒரு கடிதம் எழுதுங்கள். எந்தப் பெட்டி நல்லது என்று நீங்கள் நினைக்கிறீர்களோ அதை, எதனால் என்பதோடு. நம்முடையதுதான் என்று மனதார நினைத்தால் அதையே எழுதுங்கள். நீங்கள் மனதார எழுதியதா, சொல்ல வேண்டியதை எழுதியதா என்று படித்தவுடன் எனக்குத் தெரியும். அவனுக்கும் தெரியும். அதைப் படித்த பிறகுதான் அந்த வீட்டில் இரண்டு மெத்தை போடுவதா மூன்று போடுவதா என்று முடிவு செய்வேன்.

சீக்கிரம் பதில் எழுதுங்கள்.

சாயோகோ