‘புஸ்’ஸுக்குப் பிறகு வரவேண்டியது

பெப்ரவரி 4

ஸ்ட்ரோக் வந்து ஒரு வருஷம் தாண்டிவிட்டது. அப்பாவின் கைகால் தேறிவிட்டன. சொல்தான் பாதியில் நிற்கிறது. பேச்சுப் பயிற்சி தரும் அன்னா இன்று மேசையில் தட்டிக் காட்டினார்: “நீளமான டெனிஷ் சொல்லைத் துண்டு துண்டாக்குங்கள். முதல் துண்டை அழுத்தினால் மிச்சம் தானாக இறங்கி வரும். புஸ்-ஷோ-ஃபோர்.”

பஸ் சாரதி. அப்பாவின் வேலை. இந்த ஊரில் அவர் ஓட்டாத பாதை இல்லை.

“புஸ்...” என்றார் அப்பா.

“ஐயோ, டயரில காத்துப் போயிட்டுது!” என்றேன்.

கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தார். பள்ளிக்கூடத்தில் பகிடிக்குப் பெயர் எடுத்தவள், வீட்டில் சும்மா இருப்பேனா?

பெப்ரவரி 13

குளிர்சாதனப் பெட்டியைக் காட்டி “கோல...” என்றார். டெனிஷில் ‘கோலஸ்கப்’ என்று முடிக்கவேண்டும்.

“கோலம் போடப் போறீங்களோ அப்பா?”

மேசையில் ஓங்கி அடித்தார். சிரிப்பே இல்லை.

“வாயைப் பொத்தடி! மனுசன் சொல்லி முடிக்கட்டும்” என்று அம்மா கத்தினார். அன்னாவும் அதைத்தான் சொல்கிறார்: அவர் சொல்லை நீ முடிக்காதே, காத்திரு.

என் வாய்க்கு பிரேக் எங்கே இருக்கிறது?

பெப்ரவரி 20

இன்று முழுக்க ஒரு பகிடியும் விடவில்லை. வயிறு வலிக்கிறது.

மார்ச் 6

கொம்மூனவில், அதுதான் நகரசபை அலுவலகத்தில், கூட்டம். அப்பாவைத் திரும்ப வேலைக்கு விடுவதா, இல்லையா? நாங்கள் மூன்று பேரும் போனோம்.

“றொபேர்ட், உங்களுடைய விருப்பம் என்ன?” என்று அப்பாவைக் கேட்டார் அங்கிருந்த அதிகாரி. நல்ல மனுஷிதான்.

அப்பா நிமிர்ந்து உட்கார்ந்தார். “புஸ்...”

மிச்சம் என் நாக்கு நுனியில். ஷோ-ஃபோர். இரண்டே துண்டு. விழுங்கினேன். காத்திருந்தேன். அப்பாவின் தொண்டை ஏறி இறங்கியது —

“ஓ, பஸ்ஸில் வந்தீர்களா?” என்றார் அதிகாரி, அன்பாக.

அப்பா அவரையே பார்த்தார். பிறகு ஆமென்று தலையாட்டினார்.

வெளியே வந்ததும் அம்மா கேட்டார்: “ஏனடி, நீயாவது சொல்லியிருக்கலாமே?”

“நீங்கதானே வாயைப் பொத்தச் சொன்னீங்கள்!”

கத்தியிருக்கக் கூடாது. அப்பா பக்கத்தில் நின்றார். ஆனால் சொல்லியிருக்க வேணுமோ? யாருடைய சொல் அது?

ஏப்ரல் 29

முடிவு வந்துவிட்டது.

மே 8

அப்பாவோடு பஸ் ஓட்டும் அந்தோனிதாசன் மாமா வந்திருந்தார். அவருக்கு இன்னும் தெரியாது. “என்ன அண்ணை, எப்ப வேலைக்கு வாறியள்?”

நான் வாயைத் திறக்கவில்லை. அப்பா மூச்சை இழுத்தார்.

“ஃபோர்-திட்ஸ்-பங்-ஷோன்.”

முன்கூட்டிய பென்சன். கொம்மூனவின் முடிவு. எங்கேயும் நிற்கவில்லை. இங்கேயே பிறந்தவர் சொல்வதுபோல முழுசாக வந்தது.

அம்மா அடுப்படியிலிருந்து கைதட்டிக்கொண்டு ஓடி வந்தார். பாதி வழியில் அந்தச் சொல்லின் அர்த்தம் விளங்கிவிட்டது. தட்டிய கைகளை எங்கே வைப்பதென்று தெரியாமல் அப்படியே நின்றார்.