மூன்று முறை கூப்பிட்டும் வராத பராமரிப்பாளருக்கு

யார்க்டன், சஸ்காட்சுவான்
அக்டோபர் கடைசி

அன்புள்ள நெஸ்டருக்கு,

நானும் அம்மாவும் சௌக்கியம். நீயும் சௌக்கியம் என்றுதான் வைத்துக்கொண்டிருக்கிறோம், உன் வாயால் கேட்டால் நம்பிக்கை இன்னும் கூடும். போனை எடுப்பதில்லை, மின்னஞ்சலுக்குப் பதில் இல்லை, அதனால் லிஸ்பனுக்குத் தபால்தலை ஒட்டுகிறேன். இங்கே முதல் பனி விழுந்துவிட்டது. அம்மா பெரொகிக் கொழுக்கட்டை பிடித்து ஃப்ரீசரை நிரப்பியிருக்கிறாள், யார் தின்பதற்கு என்று கேட்டால் முறைக்கிறாள்.

பனித்தரையில் கல் தள்ளி ஆடும் நம் கர்லிங் கிளப்பில் ஆட்டம் தொடங்கியாக வேண்டும். எந்த அணி யாரோடு மோத வேண்டும் என்று பிரித்துக் கொடுக்க நீ எங்கள் கம்ப்யூட்டரில் லினக்ஸோடு போட்டுவிட்டுப் போனாயே ஒரு மென்பொருள், அது புதுப் பதிப்புக்கு மாறியதும் திறக்க மறுத்துவிட்டது. கிளப்புக்கார மெர்வின் எல்லார் முன்னாலும், "உன் புள்ள வச்சுட்டுப் போன சனியன், நீயே வந்து எடு" என்றான். அந்த மென்பொருளை யாரும் நிறுவிக்கொள்ளும்படி பொட்டலம் கட்டி உலகத்துக்கெல்லாம் சும்மா கொடுக்கிற தன்னார்வலர், அதன் பராமரிப்பாளர், நீதானே, ஆகவே உன் லினக்ஸ் குழுவின் இணையப் பொதுப் பலகையில் புகார் எழுதினேன். அப்போதுதான் தெரிந்தது, துரை நீ குழுவுக்கும் மாதக்கணக்கில் பதில் போடவில்லை என்று. பெற்றவர்களை மட்டும் ஒதுக்கவில்லை என்பதில் ஒரு சந்தோஷம்.

உங்கள் குழு வழக்கம் நன்றாகத்தான் இருக்கிறது. ஆளைக் காணோம் என்றால் ஊரறிய மூன்று முறை கூப்பிடுவார்களாம், அப்புறம் பொட்டலத்தை வேறொருவர் எடுத்துக்கொள்ளலாம், யாரும் வராவிட்டால் அடுத்த பதிப்பிலிருந்து தூக்கிவிடுவார்கள். ஒஹாயோவிலிருந்து பெர்னிட்டா என்கிற அம்மாள் அந்தப் பலகையில் உன்னைக் கூப்பிட்டாள். மூன்றாம் முறை, "இவரைப் பிடிக்க வேற வழி யாருக்காவது தெரியுமா?" என்று கேட்டிருந்தாள். நான் அவனுடைய அப்பா, எனக்கும் தெரியாது என்று எழுதினேன்.

அதனால் நானே குழுவில் சேர்ந்துவிட்டேன். சிரிக்காதே. கட்டின முதல் பொட்டலம் என் கம்ப்யூட்டரில் குதிரை மாதிரி ஓடியது, பெருமையாக அனுப்பினேன், அவர்கள் ஒன்றுமே நிறுவாத காலி மெஷினில் போட்டுப் பார்த்ததும் படுத்துவிட்டது. அட்டவணையை அச்செடுக்க வேண்டிய துணை நிரலும் கூடவே வேண்டும் என்று நான் குறிப்பிடவில்லை, என்னிடம் முன்பே இருந்ததால் எல்லாரிடமும் இருக்கும் என்று நினைத்துவிட்டேன். பெர்னிட்டா, "உங்க வீட்ல ஓடுதுங்கறது சாட்சி இல்ல ஐயா" என்றாள். அம்மாவுக்கு அன்று முழுக்க அதே பேச்சு. மூன்று தரம் திருப்பி அனுப்பிவிட்டுத்தான் ஏற்றார்கள். இப்போது கிளப்பில் ஆட்டம் நடக்கிறது, மெர்வின் தோற்றுக்கொண்டிருக்கிறான்.

வேலை போயிருந்தால் போகட்டும், உன்னோடு இருந்த அந்தப் பெண் விட்டுப் போயிருந்தால் அதுவும் போகட்டும், குழுவில் அலுத்துப்போயிருந்தால் அதில் ஒரு பாவமும் இல்லை. சொல்லாமல் இருப்பதுதான் பயமாக இருக்கிறது. அம்மா போனைத் தலையணைக்கு அடியில் வைத்துக்கொண்டு, மணி பார்க்கத்தான் என்று என்னிடம் புளுகுகிறாள். வேளைக்குச் சாப்பிடு, காபியைச் சாப்பாட்டுக் கணக்கில் சேர்க்காதே. கடவுள் உன்னை நல்லபடியாக வைக்கட்டும்.

ஒன்று ஞாபகம் வைத்துக்கொள். பொட்டலத்தில் பராமரிப்பாளர் என்று என் பெயர் வந்துவிட்டது, அதற்குக் கீழே உன் பெயரையும் விட்டுவைத்திருக்கிறேன். எடுத்துவிடட்டுமா என்று பெர்னிட்டா கேட்டாள். சம்பந்தப்பட்டவன் தானே எழுதிக் கேட்டால்தான் எடுப்பேன் என்று சொல்லிவிட்டேன். பிடிக்கவில்லையென்றால் எழுதிக் கேள், திட்டியே எழுது, அம்மாவிடம் சத்தமாகப் படித்துக் காட்டுகிறேன்.

அன்புடன்,
அப்பா
ஓரெஸ்ட் ஹ்ரைகன்
(உனக்கு அடுத்த பராமரிப்பாளர்)