அமரர் என்று போடுவதற்கு நீ யார்?

ஆரையம்பதி

அன்புள்ள மகள் விதுர்ஷாவுக்கு,

நான் சுகம். அந்தக் குளிருக்குள் நீயும் சுகமாக இருக்க மாமாங்கப் பிள்ளையாரை வேண்டுகிறேன். அப்பாவும் எங்கேயாவது சுகமாக இருக்க வேண்டும். இந்த வரியை எல்லாக் கடிதத்திலும் எழுதுகிறேனே, ஒருநாளாவது கவனித்து வாசித்தாயா?

உன் புத்தகம் கிடைத்தது. பொஸ்னியா, ருவாண்டா, கொலம்பியா என்று சண்டை நடந்த நாடெல்லாம் போய் எழுதியிருக்கிறாய், கெட்டிக்காரிதான். ஆனால் முதல் பக்கத்திலேயே எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. ‘அப்பா அமரர் கனகசிங்கம் அவர்களுக்கு’ என்று போட்டிருக்கிறாய். யாரடி உனக்குச் சொன்னது அவர் அமரர் என்று? உடலைக் கண்டாயா, கொள்ளி வைத்தோமா? நீ நேர்சரிக்குப் போன காலத்தில் பஸ்ஸை மறித்து அவரை இறக்கிக்கொண்டு போனவர்கள் இன்றுவரை வாய் திறக்கவில்லை. மரணச் சான்றிதழ் எடுங்கள், நட்டஈடு தருகிறோம் என்று வந்த அதிகாரிகளை எல்லாம் வாசலோடு திருப்பி அனுப்பினேன். போன கிழமை வந்தவர், “உங்கட மகளே அமரர் என்டு எழுதிட்டா, இனி என்னம்மா?” என்று சிரிக்கிறார். துவக்கோடு வந்தவர்களுக்கும் நான் கொடுக்காத சொல்லை நீ அச்சடித்து விற்கிறாய்.

கொலம்பியாவில் புருஷனைத் தேடுகிற பெண்ணைப் பற்றிப் பக்கம் பக்கமாக எழுதியிருக்கிறாய். ஆளைக் கொண்டுபோகிறவர்களே அந்த ஆள் இருக்கிறாரா இல்லையா என்பதையும் தீர்மானிக்கிறார்கள், அதுதான் அதிகாரம் என்கிறாய். வாசித்து அழுதேன். அப்படியென்றால் உன் அப்பாவைத் தீர்மானிக்க நீ யார்? அவ்வளவு தூரம் போனவளுக்குச் சொந்த வீட்டு வாசல் தெரியவில்லையா?

கல்குடாவில் உன் மச்சான் உதயரூபனின் கல்யாணம் முடிந்தது. ஆராத்தித் தட்டை நான் தூக்கியதும் உன் மாமி புஸ்பம், அப்பாவுடைய சொந்தத் தங்கச்சி, “மச்சாள், நீங்க இரிங்க, வேற ஆள் எடுக்கட்டும்” என்று வாங்கிக்கொண்டாள். இத்தனை வருடமும் என்னைத்தான் முதலில் கூப்பிடுவாள். அவளும் உன் புத்தகத்தை வாசித்துவிட்டாள். சபைக்கு நடுவில் பொட்டோடு நின்றேன். சாப்பிடாமல் புறப்பட்டு, கல்லடிப் பாலம் வரும்வரை பஸ்ஸில் அழுதேன்.

அடுத்த பதிப்பில் அந்தச் சொல்லை எடுத்துவிடு. மறந்துவிடாதே. அவர் இனி வரமாட்டார் என்று சொல்ல வேண்டிய நாள் வந்தால் நான் சொல்வேன், நீ முந்தாதே. இருமலுக்குக் கொத்தமல்லி அவித்துக் குடி, தலையை நனைத்துக்கொண்டு திரியாதே. எவ்வளவு ஏசினாலும் எங்கள் இருவருடைய ஆசீர்வாதமும் உனக்கு உண்டு.

இப்படிக்கு,
அப்பா கனகசிங்கம்
அம்மா கண்ணகை